சனிக்கிழமைக்காரர்

பாரிஸ், பார்க் தே பிரின்ஸ் மைதானம், 2007 செப்டம்பர் 12. முந்தைய ஆண்டு உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போன பிரான்ஸ் அணியில் துராம், வியேரா, மக்கலேலே, ரிபெரி, மலூடா, அனெல்கா, த்ரெஸெகே என்று பெயரைக் கேட்டாலே கால் நடுங்கும் ஆட்கள். எதிரே ஸ்காட்லாந்து. 64-வது நிமிடத்தில் ஜேம்ஸ் மெக்ஃபேடன் முப்பது கஜ தூரத்திலிருந்து ஓங்கி ஓர் உதை விட்டார். கோல்கீப்பர் லாண்ட்ரோவின் கையில் பட்டும் பந்து வலைக்குள் போய் விழுந்தது. அதன் பிறகு அரை மணி நேரம் ஸ்காட்லாந்தின் பின்வரிசை ஐரோப்பாவின் விலையுயர்ந்த கால்களைத் தடுத்து நிறுத்தியது. 1-0. ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழும் இரவு அது.

அந்தப் பின்வரிசையின் இடது ஓரத்தில் நின்றவருக்கு 36 வயது நிறைய ஒரு மாதம்தான் பாக்கி. வலது காலால் ஆடுபவர் என்றாலும் அன்று இடது பக்கம் ஆள் தேவைப்பட்டது, நின்றார். அப்போதுதான் அவர் சேர்ந்திருந்த கிளப் பர்ன்லி, இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடுவது. தொழில்முறை ஆட்டக்காரராகிப் பதினாறு ஆண்டுகள் கடந்தும் பிரீமியர் லீக்கில் ஒரு நிமிடம்கூட அவர் ஆடியதில்லை. பெயர் கிரஹாம் அலெக்சாண்டர்.

இங்கிலாந்துக் கால்பந்து என்றால் நம் வீடுகளில் மான்செஸ்டர், லிவர்பூல், ஆர்சனல். தொலைக்காட்சி காட்டுவது அவ்வளவுதான். பிரீமியர் லீக்கின் 20 கிளப்புகளுக்குக் கீழே இன்னும் 72 கிளப்புகள், மூன்று அடுக்குகளில், அடுக்குக்கு 24 என்ற கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மற்ற 23 அணிகளுடன் இரண்டு முறை மோத வேண்டும். ஆக, பருவத்துக்கு 46 லீக் ஆட்டம். மேலே இருப்பவர்களுக்கு 38 தான். கோப்பைப் போட்டிகளையும் சேர்த்தால் ஆகஸ்ட் முதல் மே வரை சனிக்கிழமை ஒன்று, இடையிடையே செவ்வாய்க்கிழமை இரவில் இன்னொன்று. ஜனவரியில் சேறு, பிப்ரவரியில் உறைபனி, பஸ்ஸில் நாலைந்து மணி நேரப் பயணம், திரும்பி வந்து சேர நள்ளிரவு. இந்த எழுபத்திரண்டில் ஓடித் தேயும் ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு ரசிகர் என்பது ஒரே ஒரு ஊர்தான். மூன்று, நான்கு ஆண்டுகளில் ஊரும் மாறிவிடும்.

இப்படிப்பட்ட வாழ்க்கையில் அலெக்சாண்டர் எட்டிய ஆயிரம் ஆட்டம் என்பது என்ன? பருவத்துக்கு ஐம்பது ஆட்டம் ஒன்றுவிடாமல் ஆடினாலும் இருபது ஆண்டு ஆகும். முழங்கால் ஒருமுறை பிசகினால் ஓர் ஆண்டு போச்சு. புது மேனேஜருக்கு முகம் பிடிக்காவிட்டால் அரை ஆண்டு போச்சு. இங்கிலாந்தில் இந்த எண்ணைத் தொட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. லீக் ஆட்டங்களில் மட்டும் 1,005 ஆடிய பீட்டர் ஷில்டன் கோல்கீப்பர். கோல்கம்பத்துக்கு வெளியே ஓடியாடுபவர்களில் லீக் சாதனை டோனி ஃபோர்டுடையது, 931 ஆட்டங்கள். கிரிம்ஸ்பியில் 1975-ல் பதினாறு வயதில் விங்கராகத் தொடங்கியவர், ரோச்டேலில் 2001-ல் 42 வயதில் வலது பின்வரிசை ஆட்டக்காரராக முடித்தார். வேகம் குறையக் குறையப் பின்னுக்கு நகர்ந்து ஆயுளை நீட்டிக்கொண்டார். அலெக்சாண்டரின் கதையும் அதே தெருதான். ஆனால் அவர் நடந்த வழி இன்னும் கோணல்மாணலானது.

இயன் போத்தம் ஆடிய கால்பந்து கிளப்

1971-ல் கோவென்ட்ரியில் பிறந்தவர். சொந்த ஊர் கிளப் அன்று முதல் டிவிஷனில் இருந்தது. அலெக்சாண்டர் பயிற்சி ஆட்டக்காரனாகச் சேர்ந்ததோ வடக்கே ஸ்கன்தோர்ப்பில். இரும்பாலை ஊர். கிளப்புக்கே பட்டப்பெயர் 'இரும்பு'தான். லிவர்பூலில் கொடிகட்டிப் பறந்த கெவின் கீகனும் ரே கிளெமென்ஸும் அங்கிருந்து கிளம்பியவர்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தகவல் சுவையாக இருக்கும்: கிரிக்கெட்டில் உலகையே கலக்கிக்கொண்டிருந்த இயன் போத்தம், 1980-க்கும் 85-க்கும் இடையில் குளிர்காலங்களில் இதே ஸ்கன்தோர்ப்புக்காக 11 லீக் ஆட்டங்களில் இறங்கினார். நடுப் பின்வரிசை ஆட்டக்காரர்! நாட்டின் முதல்தர கிரிக்கெட் ஆல்ரவுண்டருக்குக் கீழ் லீக்கில் கிடைத்தது பதினொரு ஆட்டம். கீழ் லீக் என்றால் யார் வேண்டுமானாலும் போய் ஆடலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

அலெக்சாண்டர் வந்தபோது கிளப் பழைய மைதானத்தை சூப்பர் மார்க்கெட்டுக்காக விற்றுவிட்டு ஊர் எல்லையில் கிளான்ஃபோர்டு பார்க் என்ற புது மைதானத்துக்கு மாறியிருந்தது. 1990-91 பருவத்தில் ஒரே ஓர் ஆட்டம். பிறகு மெல்ல மெல்ல நடுவரிசையில் இடம் பிடித்தார். 1992-ல் ஸ்கன்தோர்ப் ப்ளே-ஆஃப் இறுதிக்காக வெம்ப்லி வரை போய், பிளாக்பூலிடம் பெனால்டியில் தோற்றது. ப்ளே-ஆஃப் என்பது கீழ் லீக்குகளுக்கே உரிய சித்திரவதை. முதல் சில இடங்களில் முடித்தவர்கள் நேராக மேலே போய்விடுவார்கள். அடுத்த நான்கு பேர் மே மாதத்தில் தங்களுக்குள் மோதி, கடைசி ஒரு சீட்டுக்கு அடித்துக்கொள்ள வேண்டும். ஒன்பது மாத உழைப்பு ஒரே மாலையில் வீணாகலாம். இந்த மாலைகள் அலெக்சாண்டரின் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வரும்.

1995-ல் லூட்டன் டவுன் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. லூட்டனின் கெனில்வொர்த் ரோடு மைதானத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெளியூர் ரசிகர்கள் நுழையும் வாசல், ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. இரண்டு வீட்டுக் கதவுகளுக்கு இடையில் புகுந்து படியேறினால் கீழே குடித்தனக்காரர்களின் கொல்லைப்புறம், துணி காயும் கொடி. அந்தப் படியைத் தாண்டினால் கால்பந்து மைதானம். சேர்ந்த முதல் பருவத்திலேயே அணி மூன்றாம் நிலைக்கு இறங்கிவிட்டது.

லூட்டனில்தான் அவருடைய வாழ்க்கையின் முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. நடுவரிசையிலிருந்து வலது பின்வரிசைக்கு மாற்றப்பட்டார். பதவி இறக்கம் மாதிரி தோன்றும். நடுவரிசையில் ஆடுகிறவனைப் பத்திரிகைக்காரர்கள் பார்ப்பார்கள், வலது பின்வரிசைக்காரனை அவன் தவறு செய்யும்போது மட்டும்தான் பார்ப்பார்கள். ஆனால் வேலை நிலையானது. எதிரணி விங்கரை ஓரத்துக்கு ஒதுக்குவது, பின்கம்பத்துக்கு வரும் கிராஸைத் தலையால் வெளியேற்றுவது, நேரம் கிடைத்தால் கோட்டோரமாக ஓடி முன்னால் போய் ஒரு கிராஸ் போடுவது, உடனே திரும்பி ஓடி வருவது. இதை வாரம் தவறாமல் பிழையில்லாமல் செய்யும் ஆளை எந்த மேனேஜரும் மாற்ற மாட்டார். மேனேஜர்களே ஆண்டுக்கு ஒருமுறை மாறும் உலகில், வருகிறவர் எல்லோரும் வைத்துக்கொள்ள விரும்பும் ஆளாக இருப்பது ஒரு தனித் திறமை. அலெக்சாண்டரின் பெரிய திறமை அதுவே என்பது இந்தக் கட்டுரையாளரின் எண்ணம்.

பாதி விலை

1999 மார்ச்சில் லூட்டன் கடனில் மூழ்கியது. கைக்குக் கிடைத்ததை விற்க வேண்டிய நிலை. வாங்கியதில் பாதி விலைக்கு, ஐம்பதாயிரம் பவுண்டுக்கு, அலெக்சாண்டரை பிரஸ்டன் நார்த் எண்ட் கொண்டுபோனது. வாங்கிய மேனேஜர் அப்போது முப்பத்தைந்து வயது கடந்த, வெளியில் யாரும் அறியாத ஒருவர்: டேவிட் மொயஸ். பின்னாளில் எவர்ட்டனுக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் போன அதே மொயஸ்தான்.

பிரஸ்டன் சாதாரண ஊர் அல்ல. 1888-ல் உலகின் முதல் கால்பந்து லீக்கைத் தொடங்கிய 12 கிளப்புகளில் ஒன்று. முதல் பருவத்திலேயே ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் பட்டம் வென்ற கிளப். 1950-களில் நாட்டின் மிகச் சிறந்த விங்கராக இருந்துகொண்டே குழாய் ரிப்பேர் தொழிலையும் விடாமல் செய்த டாம் ஃபின்னியின் கிளப். ஆனால் அலெக்சாண்டர் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் நிலையில் கிடந்தது. மறு ஆண்டே, 1999-2000-ல், டிவிஷன் பட்டம் வென்று இரண்டாம் நிலைக்கு ஏறியது. 2001-ல் பிரீமியர் லீக்குக்கு ஒரே ஓர் ஆட்டம் மிச்சம். கார்டிஃப் மில்லினியம் மைதானத்தில் போல்ட்டனிடம் 3-0 தோல்வி. 2005-ல் மறுபடி கார்டிஃப், வெஸ்ட் ஹாமின் பாபி சமோரா அடித்த ஒற்றை கோலில் தோல்வி. 2006-ல் அரையிறுதியில் லீட்ஸிடம் தோல்வி. 2007-ல் ஏழாவது இடம். ப்ளே-ஆஃப்புக்கு ஆறாவது இடம் வேண்டும்.

எட்டு ஆண்டு. முன்னூறுக்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்கள். ஐம்பதாயிரம் பவுண்டுக்கு இதைவிட மலிவாக யாரும் எதையும் வாங்கியதில்லை என்று பிரஸ்டன் ரசிகர்கள் சொன்னால் மறுக்க முடியாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மே மாதத்தில் ஒவ்வொரு கிளப்பும் ஒரு பட்டியல் வெளியிடும். யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுவிக்கிறோம் என்ற பட்டியல். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30-ஆம் தேதி முடியும். வைத்துக்கொள்பவர்களின் வரிசையில் பெயர் இல்லாதவன் ஜூலை ஒன்றாம் தேதி வேலையில்லாதவன். பிள்ளையின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கிறது. ஒரு காலத்தில் நிலைமை இதைவிட மோசம். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனைக்கூடக் கிளப் விடாமல் பிடித்து வைக்கலாம், சம்பளம் கொடுக்கத் தேவையில்லை. வாரத்துக்கு 20 பவுண்டு என்ற சம்பள உச்சவரம்பு 1961-ல்தான் ஒழிந்தது. ஜார்ஜ் ஈஸ்தாம் நியூகாசில் கிளப்பை எதிர்த்து வழக்காடி, 1963-ல் அந்தப் பிடியைத் தளர்த்தினார். 1995-ல் பெல்ஜியத்தின் போஸ்மன் வழக்கு மிச்சக் கதவையும் திறந்தது. சுதந்திரம் வந்தது. நட்சத்திரங்களுக்கு அது பேரம் பேசும் பலம். மூன்றாம் நிலை டிஃபெண்டருக்கு அது பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம், அடுத்த மே மாதத்தில் மறுபடி வயிற்றைப் புரட்டும் ஒரு வாரம்.

2002-ல் அந்த வாரம் எல்லோருக்கும் சேர்த்து வந்தது. கீழ் மூன்று டிவிஷன்களின் ஆட்டங்களை ஒளிபரப்ப மூன்று ஆண்டுகளுக்கு 31.5 கோடி பவுண்டு தருவதாக ஒப்பந்தம் போட்ட ஐடிவி டிஜிட்டல், பாதி வழியில் திவாலானது. வரப்போகும் பணத்தை நம்பிச் சம்பளத்தை ஏற்றியிருந்த கிளப்புகள் தடுமாறின. அந்தக் கோடையில் நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள் கிளப் இல்லாமல் தெருவில் நின்றார்கள். அலெக்சாண்டரின் பெயர் அப்போதும் பிரஸ்டனின் பட்டியலில் இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில், முப்பது வயதில், அபர்டீனில் நைஜீரியாவுக்கு எதிராக ஸ்காட்லாந்துக்கு முதன்முறை ஆடினார். தந்தை வழியில் அவருக்கு அந்தத் தகுதி இருந்தது. கோவென்ட்ரியில் பிறந்தவரின் பெயருக்குப் பின்னால் 40 சர்வதேச ஆட்டங்கள் சேர்ந்தன. பாரிஸ் அவற்றில் ஒன்று. முந்தைய ஆண்டு கிளாஸ்கோவில் அதே பிரான்ஸை 1-0 என வீழ்த்திய ஆட்டத்திலும் அவர் இருந்தார்.

பதினொரு மீட்டர்

பின்வரிசை ஆட்டக்காரருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கோல்கள் எப்படி வந்தன என்று கேட்கலாம். பெரும்பகுதி பெனால்டி. பெனால்டி எடுப்பதில் இரண்டு சாதி. கோல்கீப்பரின் கண்ணையும் இடுப்பையும் பார்த்து, அவர் சாயும் வரை காத்திருந்து மறுபக்கம் தட்டிவிடுகிறவர்கள் ஒரு சாதி. முன்பே முடிவுசெய்து, நிமிர்ந்து பார்க்காமல், கீப்பர் சரியான பக்கம் பாய்ந்தாலும் கை எட்டுவதற்குள் தாண்டிப் போகும்படி உதைப்பவர்கள் இன்னொரு சாதி. அலெக்சாண்டர் இரண்டாவது சாதி. பந்தை வெள்ளைப் புள்ளியில் வைப்பார், பின்னால் போவார், நேராக ஓடி வருவார், பட்டென்று ஒரு சத்தம். அலங்காரம் எதுவும் கிடையாது. அந்த வேலையை ஊர் மாறினாலும் அவரிடமே கொடுத்தார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் ஒரு டிஃபெண்டருக்கு இதைவிட நல்ல சிபாரிசுக் கடிதம் கிடையாது.

2007 ஆகஸ்டில் பிரஸ்டன் அவரை பர்ன்லிக்கு விற்றது. சுற்றுவட்டாரப் பகையாளிக் கிளப்! பிரஸ்டன் ரசிகர்கள் கொதித்தார்கள். பர்ன்லி பஞ்சாலை ஊர், லங்காஷயரின் கிழக்கில். 1960-ல் இங்கிலாந்தின் சாம்பியன். 1987-ல் கடைசி நாள் ஆட்டத்தில் வென்றதால் மட்டுமே லீக்கை விட்டு வெளியேறாமல் தப்பிய கிளப்பும் அதுவே. முதல் நிலை லீக்கை அது கடைசியாகப் பார்த்தது 1976-ல். மேனேஜராக வந்த ஓவன் காய்ல், 37 வயதை நெருங்கிக்கொண்டிருந்த அலெக்சாண்டரைப் பின்வரிசையிலிருந்து நகர்த்தி, நடுப் பின்வரிசைக்கு முன்னால் காவல் நிற்கச் சொன்னார். ஸ்கன்தோர்ப்பில் தொடங்கிய இடத்துக்கே ஏறத்தாழத் திரும்பி வந்தார். இப்போது ஓடுவதைவிட எங்கே நிற்பது என்பதுதான் வேலை.

2008-09 பருவத்தில் பர்ன்லி ஆடியவை 61 ஆட்டங்கள். லீக் கோப்பையில் செல்சியை அவர்கள் மைதானத்திலேயே பெனால்டியில் வீழ்த்தினார்கள். ஆர்சனலை 2-0. அரையிறுதி முதல் ஆட்டத்தில் டாட்டன்ஹாமிடம் 4-1 தோல்வி. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது, டர்ஃப் மூரில் நடந்த மறு ஆட்டத்தில் தொண்ணூறு நிமிடத்தில் 3-0. மொத்தக் கணக்கு 4-4. இன்றைய விதிகளையும் ஐரோப்பியப் போட்டிகளின் அன்றைய விதியையும் விட்டுவிடுங்கள். அந்தக் கோப்பையில் வெளியூர் கோல் கூடுதல் நேரம் முடிந்த பிறகே கணக்கில் வரும். கூடுதல் நேரத்தின் கடைசி மூன்று நிமிடத்தில் பவ்லியுசென்கோ ஒன்று, டெஃபோ ஒன்று. வெம்ப்லி வாசலில் நின்ற ஊரை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான்கு மாதத்தில் மறுபடி ஒரு வாசல். ப்ளே-ஆஃப் அரையிறுதியில் ரெடிங்குக்கு எதிராக, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது பெனால்டி. வழக்கமான ஆள் வந்தார், வழக்கமான சத்தம். 1-0. மறு ஆட்டத்திலும் வென்று, 2009 மே 25-ல் வெம்ப்லியில் ஷெஃபீல்டு யுனைடெட்டைச் சந்தித்தார்கள். 13-வது நிமிடத்தில் வேட் எலியட் அடித்த ஒரே கோல். ஜெயித்தால் குறைந்தது ஆறு கோடி பவுண்டு என்று பத்திரிகைகள் கணக்குப் போட்டிருந்தன. 33 ஆண்டுகளுக்குப் பிறகு பர்ன்லி முதல் நிலைக்குத் திரும்பியது. கார்டிஃபில் கை நழுவியது அலெக்சாண்டருக்கு வெம்ப்லியில் கிடைத்தது.

2009 ஆகஸ்ட் 15, ஸ்டோக் மைதானம். 37 வயது 10 மாதத்தில் பிரீமியர் லீக்கில் முதல் ஆட்டம். கோல்கீப்பர் அல்லாத ஒருவர் இந்த வயதில் அங்கே அறிமுகமானது அதுவரை இல்லை. அன்று தோல்வி. நான்கு நாள் கழித்து சாம்பியன் மான்செஸ்டர் யுனைடெட் டர்ஃப் மூருக்கு வந்தது. ராபி பிளேக் காற்றிலேயே அடித்த கோல், கேரிக்கின் பெனால்டியை பிரையன் ஜென்சன் தடுத்தது, 1-0. அக்டோபர் கடைசியில் ஹல் சிட்டியை 2-0 என வென்றபோது இரண்டு கோலும் அலெக்சாண்டருடையவை. ஜனவரியில் காய்ல் போல்ட்டனுக்குப் போய்விட்டார். பருவ முடிவில் பர்ன்லி இறங்கிவிட்டது. ஒரே ஒரு பருவம்தான்.

அதே வெம்ப்லி இறுதி ஆட்டத்தில் ஆட்ட நாயகன் விருது பெற்றவர் நடுப் பின்வரிசையின் கிளார்க் கார்லைல். இவரை விட்டுவிட்டு இந்தத் தொழிலைப் பற்றி எழுதினால் அது பாதிக் கதை. பிரஸ்டனில் பிறந்தவர். பிளாக்பூல், குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், லீட்ஸ், வாட்ஃபோர்டு, லூட்டன், பர்ன்லி, பிரஸ்டன், நார்த்தாம்ப்டன், யார்க் என்று பெட்டியும் படுக்கையுமாக அலைந்தவர். படிப்பில் கெட்டி. தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் நாட்டின் அதிபுத்திசாலிக் கால்பந்துக்காரர் பட்டம் வாங்கியவர். எழுத்துக்களையும் எண்களையும் வைத்து விளையாடும் 'கவுன்ட்டவுன்' நிகழ்ச்சியில் ஜெயித்தவர். ஆட்டக்காரர்கள் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 2001-ல் இருபத்தொரு வயதில் முழங்கால் சிதைந்தபோது அவரை இருட்டு சூழ்ந்தது. குடி தொற்றிக்கொண்டது. மனச்சோர்வு பற்றி 2013-ல் பிபிசி ஆவணப்படத்தில் வெளிப்படையாகப் பேசினார். அதே ஆண்டு மே மாதம் வெம்ப்லியில் நார்த்தாம்ப்டனுக்காக இன்னொரு ப்ளே-ஆஃப் இறுதி. பிராட்ஃபோர்டிடம் 3-0 தோல்வி. அதோடு விளையாட்டை விட்டார். பதினாறு ஆண்டுகளாகச் சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது நின்றுபோனது. 2014 டிசம்பரில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். பலத்த காயங்களோடு பிழைத்தார். மீண்டு வந்து, மனநலம் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறார்.

ஒரே அணி, ஒரே மாலை, ஒரே பதக்கம். அலெக்சாண்டருக்கு ஆட்டம் முடிந்ததும் அடுத்த வேலை காத்திருந்தது. கார்லைலுக்கு வெறுமை காத்திருந்தது. இதில் ஒருவரின் மனவலிமை, மற்றவரின் பலவீனம் என்று தீர்ப்புச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். காயமில்லாத முழங்கால் யாருக்கு வாய்க்கிறது என்பதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை.

கடைசி உதை

2011 ஏப்ரலில், ஸ்வான்சீக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கியபோது, ஆயிரமாவது ஆட்டம். அந்தக் கோடையில் பர்ன்லியின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பிரஸ்டன் கூப்பிட்டது. பகையாளிக் கிளப்புக்குப் போனவரை நாற்பதை நெருங்கிய வயதில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள், மூன்றாம் நிலைக்கு விழுந்திருந்த அணிக்கு. நடுவில் மேனேஜர் நீக்கப்பட்டபோது சில வாரங்கள் தற்காலிகப் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது.

2012 ஏப்ரல் 28. டீப்டேல் மைதானம், சார்ல்டனுக்கு எதிராக பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம். ஓய்வை அறிவித்துவிட்டார். மாற்று ஆட்டக்காரராக இறங்குகிறார். பிரஸ்டன் 2-1 என்று பின்தங்கியிருக்கிறது. காயநேரமும் ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டிக்கு வெளியே ஒரு ஃப்ரீ கிக். பந்தைக் கையில் எடுத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எதிரே மனிதச் சுவர். ஓடி வந்தார். பந்து வலையில். 2-2. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் அவர் கால் பட்ட கடைசிப் பந்து அதுதான். ஒரு சினிமாக்காரர் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் தயாரிப்பாளர் 'கொஞ்சம் நம்புற மாதிரி எழுதுங்க சார்' என்றிருப்பார்.

எட்டு மாதத்தில் ஃப்ளீட்வுட் கிளப்பின் மேனேஜர். லீக்குக்குள்ளேயே 2012-ல்தான் முதன்முறை நுழைந்த சின்ன மீன்பிடித் துறைமுக ஊர். 2014 மே மாதம் வெம்ப்லியில் பர்ட்டனை 1-0 என வென்று மூன்றாம் நிலைக்கு ஏறினார்கள். ஆன்டோனி சார்செவிச் என்ற நடுவரிசைக்காரர் அடித்த ஃப்ரீ கிக். மேனேஜர் வேலை ஆட்டக்காரர் வேலையைவிட ஈவிரக்கமற்றது என்று சீக்கிரமே தெரிந்தது. ஃப்ளீட்வுட் நீக்கியது. பிள்ளைப் பிராயத்துக் கிளப்பான ஸ்கன்தோர்ப் அழைத்து, ப்ளே-ஆஃப் வரை கொண்டுபோனவரை 2018-ல் நீக்கியது. கிக்ஸ், ஸ்கோல்ஸ், நெவில் சகோதரர்கள் என்று பழைய மான்செஸ்டர் யுனைடெட் கூட்டாளிகள் அப்போது சேர்ந்து நடத்திய சால்ஃபோர்டை 2019-ல் வரலாற்றில் முதன்முறையாக லீக்குக்குள் கொண்டுவந்தார். 2020 அக்டோபரில், அணி ஐந்தாவது இடத்தில், அந்தப் பருவ லீக்கில் ஒரு தோல்விகூட இல்லாமல் இருக்கும்போது, அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் கொண்டுசேர்த்த ஒரு கோப்பை இறுதி ஆட்டம் கொரோனாவால் தள்ளிப்போயிருந்தது. அதை சால்ஃபோர்டு மறு ஆண்டு இன்னொருவர் கீழ் ஆடி வென்றது. ஸ்காட்லாந்தில் மதர்வெல், பிறகு எம்கே டான்ஸ். எம்கே டான்ஸில் ஒரு பருவத்தின் பாதிகூட முடியவில்லை.

2023 நவம்பரில் பிராட்ஃபோர்டு சிட்டி. அன்று நான்காம் நிலையில் இருந்தாலும் பதினேழு, பதினெட்டாயிரம் பேர் வந்து உட்காரும் பெரிய ஊர்க் கிளப். 1985-ல் டிவிஷன் பட்டம் வாங்கிய நாளன்றே மைதானத்தில் தீப்பிடித்து 56 பேர் இறந்த கிளப். அந்தத் துயரத்தின் நாற்பதாம் ஆண்டு நினைவு நாளுக்கு எட்டு நாள் முன்பு, 2025 மே 3-ல், பருவத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் மேலே. எதிரே ஃப்ளீட்வுட். தொண்ணூறு நிமிடமும் 0-0. 96-வது நிமிடத்தில் பெட்டிக்குள் பாய்ந்து வந்த ஒரு பந்தைத் தட்டி வலைக்குள் திருப்பியவர் அதே ஆன்டோனி சார்செவிச். பதினொரு ஆண்டுக்கு முன் அலெக்சாண்டரின் ஃப்ளீட்வுட்டை ஏற்றிவிட்டவர், இப்போது ஃப்ளீட்வுட்டுக்கு எதிராக அலெக்சாண்டரின் பிராட்ஃபோர்டை ஏற்றிவிட்டார். ரசிகர்கள் மொத்தமும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள்.

அதே மே மாதத்தில் மற்ற ஊர்களிலும் கணக்குகள் மாறின. ஸ்கன்தோர்ப், ஆறாம் நிலை வரை சரிந்து கிடந்த பிறகு, ப்ளே-ஆஃபில் வென்று ஒரு படி ஏறியது. ஓராண்டுக்கு முன் பிரீமியர் லீக்கில் இருந்த லூட்டன், அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்து மூன்றாம் நிலைக்கு வந்தது. 2025-26 பருவ அட்டவணையில் பிராட்ஃபோர்டு ஆட வேண்டியிருந்த 23 எதிரணிகளில் லூட்டனும் ஒன்று. வெளியூர் ஆட்டத்துக்கு பிராட்ஃபோர்டு ரசிகர்கள் அந்த இரண்டு வீடுகளுக்கு நடுவே நுழைந்து, கொல்லைப்புறத்துக்கு மேலே படியேறித்தான் போக வேண்டியிருந்தது.